நோலன் புஷ்னெல்

நோலன் கே புஷ்னெல் (பிறப்பு: பிப்ரவரி 5, 1943) அமெரிக்க மின்பொறியாளர், தொழில்முனைவோர். டெட் டாப்னி என்பவருடன் சேர்ந்து 1972ஆம் ஆண்டு அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கியவர். சக் ஈ. சீஸ் என்னும் பீட்சா உணவகத் தொடரை உருவாக்கியவரும் இவரே. பல நூல்களும் இதழ்களும் இவரைக் 'கணினி விளையாட்டுகளின் தந்தை' என்று குறிப்பிடுகின்றன. அது முழு உண்மையன்று. திரையில் விளையாடும் விளையாட்டுகளைக் கண்டுபிடித்தவர்கள் வேறு சிலர். பல்கலைக்கழக ஆய்வகங்களில் அடைந்து கிடந்த அந்த விளையாட்டுகளைக் கால் டாலர் நாணயம் வைத்திருக்கும் எவரும் ஆடலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு தொழிலையே உருவாக்கியது புஷ்னெலின் பங்கு. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் அவருடைய வெற்றியும், அதைத் தொடர்ந்து வந்த வழக்குகளும் சரிவுகளும் தெளிவாக விளங்கும்.

இளமையும் கல்வியும்

யூட்டா மாநிலத்தில் கிளியர்ஃபீல்டு என்ற சிற்றூரில், மார்மன் திருச்சபையைச் சேர்ந்த குடும்பத்தில் புஷ்னெல் பிறந்தார். தந்தை சிமென்ட் வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்பவர். சிறுவயதிலேயே மின்கருவிகளில் ஆர்வம் கொண்ட புஷ்னெல், அமெச்சூர் வானொலியிலும் ஈடுபட்டார். அவருக்கு 15 வயதானபோது தந்தை காலமானார். தந்தை ஒப்புக்கொண்டு பாதியில் நின்ற வேலைகளைத் தாமே முன்னின்று முடித்துக்கொடுத்ததாகப் பின்னாளில் அவர் கூறியிருக்கிறார்.

முதலில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1968இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் கணினி வரைகலை ஆய்வுக்கு உலகில் பெயர்பெற்றிருந்த மிகச் சில இடங்களில் யூட்டா பல்கலைக்கழகமும் ஒன்று.

வகுப்பறைக்கு வெளியே அவர் கற்றது இதைவிட முக்கியமானது எனலாம். கோடை விடுமுறைகளில் லகூன் என்ற கேளிக்கைப் பூங்காவில் வேலை பார்த்தார். நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் வளையம் எறிந்து பொருளை வெல்லும் கடைகள் இருக்கின்றன அல்லவா? அதைப்போல, பந்தெறிந்து புட்டிகளை வீழ்த்தும் கடைகள் அங்கும் உண்டு. போகிறவரை நிறுத்தி ஒரு முறை ஆடவைப்பது எப்படி, தோற்றவரை மறுபடி காசு எடுக்கவைப்பது எப்படி, எவ்வளவு எளிதாக இருந்தால் கூட்டம் சேரும், எவ்வளவு கடினமாக இருந்தால் கடைக்குக் கட்டுப்படியாகும் என்பதையெல்லாம் அங்கே அவர் நேரில் பார்த்தார். மின்பொறியியல் தெரிந்தவர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதோடு இந்தக் கணக்கும் தெரிந்தவர்கள் அதிகமில்லை.

ஸ்பேஸ்வார் எழுப்பிய கேள்வி

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் 1962இல் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள் ஒரு விண்மீனின் ஈர்ப்பு விசையைச் சமாளித்துக்கொண்டு ஒன்றையொன்று சுடும். அது ஓடிய பி.டி.பி-1 கணினியின் விலை சுமார் 1,20,000 டாலர். விளையாட்டின் நிரல் பல்கலைக்கழகங்களுக்கிடையே கைமாறிப் பரவியது. அதைப் பார்த்த புஷ்னெல், இதை லகூன் போன்ற இடத்தில் வைத்தால் மக்கள் வரிசையில் நிற்பார்கள் என்று எண்ணினார். ஆனால் லட்சம் டாலர் கணினியை வாங்கி, ஓர் ஆட்டத்துக்குக் கால் டாலர் வசூலித்தால் முதலே திரும்பாது.

அந்தக் கணக்கு எவ்வளவு சரியானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பில் பிட்ஸ், ஹியூ டக் என்ற இருவர் 1971இல் 'கேலக்சி கேம்' என்ற பெயரில் ஸ்பேஸ்வாரை நாணய இயந்திரமாக்கி வைத்தனர். பி.டி.பி-11 கணினி உள்ளிட்ட கருவிகளுக்குச் சுமார் 20,000 டாலர் செலவாயிற்று. ஓர் ஆட்டத்துக்கு 10 சென்ட். மாணவர்கள் மொய்த்தார்கள், இயந்திரம் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தது. ஆனாலும் அதை நூற்றுக்கணக்கில் செய்து விற்க முடியவில்லை.

டாப்னியும் கம்ப்யூட்டர் ஸ்பேஸும்

பட்டம் பெற்றபின் புஷ்னெல் கலிஃபோர்னியாவில் ஒலி, ஒளிப்பதிவுக் கருவிகள் செய்யும் ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே உடன் வேலை பார்த்தவர் டெட் டாப்னி. கல்லூரிப் பட்டம் இல்லாதவர். கடற்படைப் பிரிவில் மின்னணுவியல் பயின்றவர். தொலைக்காட்சிச் சுற்றுகளில் கைதேர்ந்தவர். இருவரும் முதலில் மலிவான சிறு கணினி ஒன்றைக் கொண்டு ஸ்பேஸ்வாரை இயக்கப் பார்த்தனர். அந்தக் கணினியின் வேகம் போதவில்லை. அப்போதுதான் கணினியே இல்லாமல் விளையாட்டைச் செய்துவிடலாம் என்ற வழி பிறந்தது.

மாணவர்கள் இந்த இடத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் ஓர் எலக்ட்ரான் கதிர், இடமிருந்து வலமாகக் கோடு கோடாகத் திரையை வருடிச் செல்லும். கதிர் இப்போது எந்தக் கோட்டில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதை எண்ணும் சுற்றுகளை அமைக்கலாம். குறிப்பிட்ட எண் வரும்போது மட்டும் கதிரை ஒளிரச் செய்தால் திரையில் ஒரு புள்ளி தோன்றும். புள்ளிக்கென்று தனியாக இன்னோர் எண்ணும் சுற்று வைத்து, இரண்டும் ஒரே அளவு எண்ணினால் புள்ளி அசையாமல் நிற்கும். புள்ளியின் சுற்று ஓர் எண் குறைத்தோ கூட்டியோ எண்ணினால், புள்ளி ஒவ்வொரு முறையும் சிறிது தள்ளித் தோன்றும். பார்ப்பவர் கண்ணுக்கு அது நகர்வதாகத் தெரியும். நாள்தோறும் ஒரு நிமிடம் விரைந்து ஓடும் கடிகாரம் மெல்ல மெல்ல மற்றக் கடிகாரங்களிலிருந்து விலகிப்போவதைப் போன்றதே இது. இந்தச் சுற்றை அமைத்ததில் டாப்னியின் பங்கு பெரிது. ஆயிரக்கணக்கான டாலர் கணினி செய்த வேலையை, கடையில் வாங்கும் சில்லுகள் பொருத்திய பலகைகளே செய்துவிட்டன.

இவ்வாறு உருவான 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' என்ற விளையாட்டை நட்டிங் அசோசியேட்ஸ் நிறுவனம் 1971இல் தயாரித்து விற்றது. வணிக அளவில் விற்பனைக்கு வந்த முதல் நாணய வீடியோ விளையாட்டு இதுதான். வளைந்து நெளிந்த கண்ணாடியிழைப் பெட்டியில் அழகாகவே இருந்தது. ஆயிரத்துக்கு மேல் விற்றாலும் எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. கல்லூரிப் பக்கத்து இடங்களில் ஓடியது. தொழிலாளர்கள் கூடும் மதுக்கூடங்களில் ஓடவில்லை. பக்கம் பக்கமாக விதிமுறைகளைப் படித்து, நான்கு பொத்தான்களைப் பழகி ஆடுவதற்கு அங்கே யாருக்கும் பொறுமையில்லை. கற்பதற்கு எளிதாகவும், வல்லவராவதற்குக் கடினமாகவும் இருப்பதே நல்ல விளையாட்டு என்ற கருத்து இன்று 'புஷ்னெல் விதி' என்று வழங்குகிறது. அந்த விதிக்கு அடிப்படையாக அமைந்தது இந்தத் தோல்விதான்.

அட்டாரி

புஷ்னெலும் டாப்னியும் ஆளுக்கு 250 டாலர் முதலிட்டுத் தனி நிறுவனம் தொடங்கினர். முதலில் சிசிஜி என்ற வானியல் சொல்லைப் பெயராக வைத்திருந்தனர். கலிஃபோர்னியாவில் அப்பெயர் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. புஷ்னெலுக்கு விருப்பமான ஆட்டம் 'கோ' என்னும் கிழக்காசியப் பலகை விளையாட்டு. அதில் எதிராளியின் காய்கள் அடுத்த நகர்த்தலில் பிடிபடப்போகும் நிலைக்கு ஜப்பானியர் 'அட்டாரி' என்பார்கள். சதுரங்கத்தில் 'செக்' சொல்வதற்கு ஏறத்தாழ ஒப்பானது. அந்தப் பெயரில் 1972 ஜூன் 27 அன்று நிறுவனம் பதிவு செய்யப்பட்டது.

ஆம்பெக்ஸிலிருந்து ஆலன் அல்கார்ன் என்ற இளம் பொறியாளரை அழைத்துவந்தார்கள். அவருக்குப் பயிற்சியாக ஒரு சிறு வேலை கொடுத்தார் புஷ்னெல்: திரையில் ஒரு பந்து, இரண்டு மட்டைகள், நடுவில் ஒரு கோடு, மேலே புள்ளிக்கணக்கு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் இதைக் கேட்டிருக்கிறது என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னார். விற்கும் எண்ணமே இருக்கவில்லை. அல்கார்னோ உண்மை என்று நம்பிக் கவனமாக உழைத்தார்.

அந்த உழைப்பால் விளைந்தவைதாம் 'பாங்' விளையாட்டின் உயிரான பகுதிகள். மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, பந்து எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்பத் திரும்பும் கோணம் மாறும்படி செய்தார். நடுவில் பட்டால் நேராகத் திரும்பும். ஓரத்தில் பட்டால் சரிந்து பாயும். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகம் கூடும். சுற்றில் இருந்த ஒரு குறையால் மட்டை திரையின் உச்சி வரை போகவில்லை. அதைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டார். இல்லாவிட்டால் நன்றாக ஆடும் இருவர் ஒரே நாணயத்துக்கு ஆடிக்கொண்டே இருப்பார்கள். புஷ்னெல் கூட்டத்தின் ஆரவார ஒலி வேண்டுமென்றார், டாப்னி கேலிக் கூச்சல் வேண்டுமென்றார். அதற்கெல்லாம் சில்லுகள் இல்லை என்று, சுற்றுக்குள் ஏற்கெனவே இருந்த ஓர் அலைவரிசையையே அல்கார்ன் எடுத்து ஒலிபெருக்கியில் இணைத்தார். உலகம் முழுவதும் அறிந்த அந்த 'டொக்' ஓசை இப்படித்தான் கிடைத்தது. பாங் இயந்திரத்தில் நுண்செயலியும் கிடையாது, நிரலும் கிடையாது. எல்லாம் கம்பியிணைப்பே. ஆதலால் அதைக் கணினி விளையாட்டு என்று அழைப்பதுகூடக் கண்டிப்பாகப் பார்த்தால் சரியல்ல.

முதல் இயந்திரத்தைச் சன்னிவேல் நகரில் ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கூடத்தில் வைத்தார்கள். சில நாள்களில் இயந்திரம் ஓடவில்லை என்று அழைப்பு வந்தது. அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். உள்ளே நாணயம் விழுவதற்கு வைத்திருந்த பாத்திரம் நிரம்பி வழிந்து, நாணய வழியே அடைத்துக்கொண்டிருந்தது.

இயந்திரத்தை பாலி, மிட்வே என்ற பெரிய நிறுவனங்களுக்கு விற்பதற்காகப் புஷ்னெல் அப்போது பேசிக்கொண்டிருந்தார். மதுக்கூடச் செய்தி கேட்டதும் தாமே தயாரிப்பது என்று முடிவெடுத்தார். பேச்சிலிருந்து பின்வாங்க அவர் கையாண்ட வழி வேடிக்கையானது: மிட்வேக்கு வேண்டாமாம் என்று பாலியிடமும், பாலிக்கு வேண்டாமாம் என்று மிட்வேயிடமும் சொன்னாராம். இருவரும் ஆர்வத்தைக் கைவிட்டார்கள். பழைய ஸ்கேட்டிங் அரங்கம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் ஆள் சேர்த்து, உற்பத்தியைத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் ஸ்பேஸில் பல பத்திகளாக இருந்த விதிமுறை, பாங்கில் ஒரே வரியாகச் சுருங்கியது: அதிகப் புள்ளி பெறப் பந்தைத் தவறவிடாதீர்.

யாருடைய விளையாட்டு?

பாங் வெளிவந்த அதே 1972இல் மேக்னவாக்ஸ் நிறுவனம் 'ஒடிசி' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் முதல் விளையாட்டுக் கருவி அது. அதை உருவாக்கியவர் ரால்ஃப் பேர். நாஜி ஆட்சிக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து சிறுவனாக அமெரிக்கா வந்தவர். 1966இல் நியூயார்க் பேருந்து நிலையத்தில் நண்பருக்காகக் காத்திருந்தபோது, தொலைக்காட்சியில் விளையாடலாமே என்ற எண்ணம் தோன்றி, அதை எழுதிவைத்தார். அவர் பணியாற்றிய சாண்டர்ஸ் நிறுவனம் அதற்குக் காப்புரிமைகளும் பெற்றது. ஒடிசியில் ஒலி கிடையாது, புள்ளிக்கணக்கும் கிடையாது. ஆனால் மட்டையும் பந்தும் கொண்ட டேபிள் டென்னிஸ் இருந்தது.

1972 மே மாதம் கலிஃபோர்னியாவின் பர்லிங்கேம் நகரில் ஒடிசியின் முன்காட்சி நடந்தது. புஷ்னெல் சென்று பார்த்தார். வருகையாளர் ஏட்டில் கையெழுத்தும் இட்டார். அல்கார்னுக்குப் பயிற்சி வேலை கொடுத்தது அதற்குப் பிறகு. மேக்னவாக்ஸ் 1974இல் வழக்குத் தொடுத்தபோது அந்தக் கையெழுத்து முக்கியச் சான்றாயிற்று. ஒடிசி தம்மைக் கவரவில்லை என்றும், தாம் செய்தது மேலானது என்றும் புஷ்னெல் வாதிட்டார். மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மேலாகச் செய்தல் வேறு, முதலில் எண்ணுதல் வேறு. 1976இல் வழக்கு விசாரணைக்கு வருமுன்பே அட்டாரி பணம் செலுத்தி உரிமம் பெற்றுச் சமரசம் செய்துகொண்டது. வணிக நோக்கில் இது கெட்டிக்கார முடிவு. அட்டாரிக்கு ஒரு தொகையோடு தொல்லை தீர்ந்தது. பாங்கைப் பார்த்து நகல் செய்து விற்ற மற்ற நிறுவனங்களை மேக்னவாக்ஸ் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் விரட்டியது. ரால்ஃப் பேருக்கு உரிய மதிப்பு மெதுவாகத்தான் வந்தது. 2006இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது.

டாப்னியின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. அவர் 1973இலேயே தம் பங்கை விற்றுவிட்டு அட்டாரியிலிருந்து விலகினார். புள்ளியை நகர்த்தும் சுற்றுக்கான காப்புரிமையில் தம் பெயர் சேர்க்கப்படவில்லை என்று அறிந்ததும் மனம் கசந்ததாகப் பிற்கால நேர்காணல்களில் கூறியுள்ளார். முதல் சுற்றுகளைச் செய்தது யார் வீட்டில், யார் மகளின் அறையில் என்பதில்கூட இருவர் கூற்றும் முரண்படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அட்டாரி வரலாற்றில் டாப்னி ஓர் அடிக்குறிப்பாகவே இருந்தார். 2018இல் அவர் காலமானபோது வந்த இரங்கல் கட்டுரைகள் மூலமாகவே பலர் அவர் பெயரை அறிந்தனர்.

வளர்ச்சியும் தடுமாற்றமும்

அட்டாரியின் முதல் ஆண்டுகள் சீரானவை அல்ல. 'கிரான் டிராக் 10' என்ற கார்ப்பந்தய இயந்திரத்தை அடக்க விலைக்கும் குறைவாக விலை வைத்து விற்று, விற்க விற்க நட்டப்பட்ட கதையும் உண்டு. அந்த நெருக்கடியில் கைகொடுத்தது ஒரு தந்திரம். அக்காலத்தில் ஒவ்வொரு நகரிலும் ஒரு விநியோகஸ்தர், தமக்கு மட்டுமே சரக்குத் தரவேண்டும் என்று கேட்பார். புஷ்னெல் தம் அண்டை வீட்டுக்காரர் ஜோ கீனனைத் தலைவராக்கி 'கீ கேம்ஸ்' என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கவைத்தார். வெளியுலகுக்கு அது பகை நிறுவனம். உள்ளே அட்டாரியின் பிள்ளை. 1974இல் கீ கேம்ஸ் வெளியிட்ட 'டேங்க்' பெரும் வெற்றி பெற்றது. இரண்டும் ஒன்றாக இணைந்தன. கீனனே அட்டாரியின் தலைவரானார்.

1974இல் வேலைக்குச் சேர்ந்த 19 வயது இளைஞர்களில் ஒருவர் ஸ்டீவ் ஜாப்ஸ். இந்தியாவுக்குச் செல்ல விரும்பிய அவரை, ஜெர்மனியில் பழுதான இயந்திரங்களைச் சரிசெய்துவிட்டு அப்படியே போகும்படி நிறுவனம் அனுப்பியது. திரும்பி வந்தவரிடம் 'பிரேக்அவுட்' என்ற விளையாட்டின் சுற்றைக் குறைந்த சில்லுகளில் அமைக்கும் பணி தரப்பட்டது. குறைக்கும் சில்லுகளுக்கு ஏற்ப ஊக்கத்தொகை உண்டு. ஜாப்ஸ் தம் நண்பர் ஸ்டீவ் வோஸ்னியாக்கை அழைத்தார். வோஸ்னியாக் பகலில் வேறு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, நான்கு நாள் தூக்கமின்றி அதை முடித்தார். கிடைத்தது 700 டாலர் என்று சொல்லி அவரிடம் பாதியைக் கொடுத்த ஜாப்ஸ், தனியே பெற்ற பெரிய ஊக்கத்தொகையைச் சொல்லவில்லை. வோஸ்னியாக்கின் வடிவமைப்பு அளவுக்கு மீறிச் சுருக்கமாக இருந்ததால் அட்டாரியால் அதை உற்பத்தி செய்யவும் முடியவில்லை. பின்னர் ஜாப்ஸ் ஆப்பிள் நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கை 50,000 டாலருக்குத் தர முன்வந்தார் என்றும், தாம் மறுத்துவிட்டதாகவும் புஷ்னெலே சிரித்தபடி பலமுறை சொல்லியிருக்கிறார்.

1975இல் வீட்டுப் பாங் வந்தது. மேசை மீது வைக்கும் சிறு கருவி. பலகை நிறைய இருந்த சுற்றெல்லாம் ஒரே சில்லுக்குள் அடங்கின. பொம்மைக் கடைக்காரர்கள் தயங்கியபோது, சியர்ஸ் நிறுவனத்தின் விளையாட்டுப் பொருள் பிரிவு அந்தக் கிறிஸ்துமஸுக்கு 1,50,000 கருவிகளைக் கேட்டது. புஷ்னெல் அவ்வளவு பெரிய உற்பத்தியைக் கண்டதே இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகுதான் பணத்தைத் தேடினார்.

வார்னரும் வெளியேற்றமும்

ஒரே விளையாட்டை ஆடும் கருவியை மக்கள் விரைவில் சலித்து ஒதுக்குவார்கள். விளையாட்டை மட்டும் மாற்றிக்கொள்ளும் கருவி வேண்டும். ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஜெர்ரி லாசன் தலைமையில் உருவான 'சேனல் எஃப்' 1976இல் கார்ட்ரிட்ஜ் முறையுடன் முந்திக்கொண்டது. அட்டாரியிலும் அதே திசையில் வேலை நடந்துவந்தது. ஆனால் அதை உற்பத்தி செய்யப் பெருமுதல் தேவை. 1976இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு அட்டாரியை வாங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் 500 டாலரில் தொடங்கிய நிறுவனம் அது.

1977இல் 199 டாலர் விலையில் வந்த அந்தக் கருவியே பின்னர் அட்டாரி 2600 எனப் பெயர்பெற்றது. அதன் தற்காலிக நினைவகம் 128 பைட்டு மட்டுமே. இன்று ஒருங்குறித் தமிழில் ஒரே ஒரு குறளைத் தட்டச்சு செய்து சேமித்தாலே ஏறத்தாழ அவ்வளவு இடமும் நிறைந்துவிடும். அந்த இடத்துக்குள் நிரலாளர்கள் விமானங்களையும் டேங்குகளையும் ஓடவைத்தார்கள்.

வார்னரோடு புஷ்னெலுக்கு ஒத்துவரவில்லை. புதிய முதலாளிகள் கணக்குவழக்கும் ஒழுங்கும் எதிர்பார்த்தார்கள். புஷ்னெலோ முடிந்த பொருளை விற்பதைவிட அடுத்த பொருளைச் செய்வதில் ஆர்வம் கொண்டவர். 2600 கருவியின் விலையைக் குறைக்க வேண்டும், அதற்கு அடுத்த கருவியை இப்போதே தொடங்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1978 இறுதியில் நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில் மோதல் முற்றி, அவர் பதவி இழந்தார். ஜவுளித் துறையிலிருந்து வந்த ரே கசார் பொறுப்பேற்றார். சில ஆண்டுகளுக்குப் போட்டித் தொழில் தொடங்குவதில்லை என்ற ஒப்பந்தமும் புஷ்னெலைக் கட்டியது.

அவர் போனபின் அட்டாரி வீழவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1980இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கார்ட்ரிட்ஜ் வந்ததும் 2600 விற்பனை வானளாவியது. கசார் காலத்தில்தான் நிறுவனம் உச்சத்தைத் தொட்டது. ஆனால் அதே கருவியை மாற்றமின்றி நீட்டித்ததும், அவசரமாக எழுதிய விளையாட்டுகளால் கடைகளை நிரப்பியதும் பின்னர் வினையாயிற்று. 1983இல் அமெரிக்க வீடியோ விளையாட்டுச் சந்தையே சரிந்தது. அந்த ஓராண்டில் அட்டாரியின் நட்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. விற்காத கார்ட்ரிட்ஜுகளை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். வெறும் கட்டுக்கதை என்று பலர் எண்ணியிருந்த இச்செய்தி, 2014இல் அங்கே தோண்டிப் பார்த்தபோது உண்மையென உறுதியானது.

எலியும் பீட்சாவும்

நாணய விளையாட்டு இயந்திரங்கள் பெரும்பாலும் மதுக்கூடங்களிலேயே இருந்தன. குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை. குடும்பத்தோடு வரக்கூடிய இடமொன்றை உருவாக்கப் புஷ்னெல் எண்ணினார். பீட்சாவைத் தேர்ந்தெடுத்ததற்குச் சுவை மட்டும் காரணமன்று. கேட்டபின் அது வெந்து வரச் சிறிது நேரமாகும். அதற்குள் பிள்ளைகள் இயந்திரங்களில் காசு போட்டுக்கொண்டிருப்பார்கள். லகூன் பூங்காவின் பாடம் இங்கேயும் தெரிகிறது. முதல் 'பீட்சா டைம் தியேட்டர்' 1977 மே மாதம் சான் ஹோசே நகரில் திறக்கப்பட்டது. மோட்டாரால் இயங்கும் பொம்மைகள் மேடையில் பாடின. அவற்றின் தலைவன் சக் ஈ. சீஸ் என்ற எலி. கொயோட்டி என்று நினைத்து வாங்கிய வேடம் எலியாக இருந்ததால், உணவகத்துக்கு எலி தலைமையேற்றது.

வார்னருக்கு இதில் ஆர்வமில்லை. புஷ்னெல் உரிமையை விலைக்கு வாங்கிக்கொண்டார். கிளைகள் வேகமாகப் பரவின. பல கிளைகள் திறப்பதாக ஒப்பந்தம் செய்திருந்த விடுதித் தொழிலதிபர் ராபர்ட் பிராக், வேறொருவரின் பொம்மைகள் மேலானவை என்று கண்டு விலகி, 'ஷோபிஸ் பீட்சா' என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். வழக்கு நடந்து சமரசமாயிற்று. ஆயினும் அளவுக்கு மீறிய விரிவாக்கமும், விளையாட்டுச் சந்தையின் சரிவும் சேர்ந்து பீட்சா டைம் தியேட்டரை 1984இல் திவாலாக்கின. புஷ்னெல் விலகினார். வாங்கியது யார் என்றால், அதே ஷோபிஸ்தான். எலி மட்டும் பிழைத்துக்கொண்டது. அதன் பெயரிலேயே அந்த உணவகங்கள் இன்றும் நடக்கின்றன.

கேட்டலிஸ்ட்

1981இல் புஷ்னெல் சன்னிவேலில் கேட்டலிஸ்ட் டெக்னாலஜிஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஒரே கட்டடத்தில் பல புதிய நிறுவனங்கள். அலுவலகம், கணக்கர், பதிவுத் தாள்கள் எல்லாம் முன்கூட்டியே ஆயத்தம். பொறியாளர் வந்து வேலையைத் தொடங்கினால் போதும். இன்று நம் பொறியியல் கல்லூரிகளிலும் காணப்படும் தொழில் வளர்ப்பகங்களுக்கு இதை ஒரு முன்னோடி எனலாம்.

அங்கே பிறந்தவற்றுள் பல பிழைக்கவில்லை. வீட்டு ரோபோ செய்த ஆண்ட்ரோபாட் பெரும் எதிர்பார்ப்பை உண்டாக்கிப் பெரும் நட்டத்தில் முடிந்தது. ஆனால் ஈடாக் என்ற நிறுவனம் தனித்து நிற்கிறது. ஸ்டான் ஹனி என்ற பொறியாளரும் குழுவினரும் 1985இல் காரில் பொருத்தும் வழிகாட்டிக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அப்போது பொதுமக்களுக்குச் செயற்கைக்கோள் வழிகாட்டும் வசதி இல்லை. சக்கரங்களின் சுழற்சியையும் திசைகாட்டியையும் கொண்டு கார் எவ்வளவு தொலைவு, எந்தப் பக்கம் சென்றது என்று கணக்கிட்டு, அதை வரைபடத்துச் சாலைகளோடு பொருத்தி இடத்தைக் கண்டது அக்கருவி. வரைபடங்கள் ஒலிநாடா போன்ற கேசட்டுகளில் இருந்தன. கார்க்குறி திரையில் அசையாது. வரைபடம்தான் அதைச் சுற்றி நகரும். பாலினேசிய மாலுமிகள் தங்கள் படகு நிற்பதாகவும் தீவுகள் நகர்வதாகவும் கொண்டு கடலில் வழி கணித்தார்கள். அம்முறையின் பெயரே ஈடாக். இன்று கைப்பேசியில் வழி பார்ப்பவர் காண்பதும் ஏறத்தாழ அதே காட்சி. இந்நிறுவனம் 1989இல் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷனுக்கு விற்கப்பட்டது.

பிற்காலம்

போட்டித் தடை முடிந்ததும் 'சென்டே' என்ற விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கிப் பாலிக்கு விற்றார். இதுவும் கோ ஆட்டத்துச் சொல். 2006இல் மேசையிலேயே தொடுதிரை வைத்த 'யூவிங்க்' உணவகத்தைத் திறந்தார். சில ஆண்டுகளில் மூடப்பட்டது. கல்வி விளையாட்டுகளிலும் முயன்றார். இப்படி எண்ணினால் அவர் தொடங்கிய நிறுவனங்கள் இருபதுக்கும் மேல். தொடங்குவதில் இருந்த வேகம் நடத்துவதில் இருக்கவில்லை என்ற குறை அவர்மீது உண்டு; அவருடைய நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்தால் அந்தக் குறையை மறுப்பது கடினம்.

2009இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தன் உயரிய ஃபெலோஷிப் விருதை அவருக்கு அளித்தது. 2018 ஜனவரியில் விளையாட்டு உருவாக்குநர் மாநாடு முன்னோடி விருதை அறிவித்து, மறுநாளே திரும்பப் பெற்றது. 1970களில் அட்டாரியில் நிலவிய சூழல், வெந்நீர்த் தொட்டியில் நடந்த கூட்டங்கள், பெண் ஊழியர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றி எழுந்த கண்டனமே காரணம். புஷ்னெல் மாநாட்டின் முடிவை ஏற்று, தம்மாலோ தம் நிறுவனத்தாலோ புண்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அக்காலத்தில் அங்கே வேலை பார்த்த பெண்களில் சிலர் தாங்கள் அப்படி உணரவில்லை என்று ஊடகங்களிடம் கூறினர். அவ்வாண்டு அந்த விருது யாருக்கும் வழங்கப்படவில்லை.

அட்டாரி என்ற பெயர் பல கைகள் மாறிப் பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றிடம் சென்றது. 2010இல் அதன் இயக்குநர் குழுவில் புஷ்னெல் சிறிது காலம் உறுப்பினராக இருந்தார்.